கேமராவுக்கு ஒரு கதவு

வீட்டுக்குள்ளேயே உளவு சொல்லும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று மூன்று பேரும் நம்பத் தொடங்கியதில் போன வாரம் நின்றோம். சனிக்கிழமை காலையில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. தீர்ந்த இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்தைப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியவள் கணவனை விட்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். துணிப்பெட்டி, கைப்பை, லேப்டாப். எடுத்து வந்தது அவ்வளவுதான். அவள் கணவன் கை ஓங்குகிற ரகம் இல்லை. குரலைக்கூட உயர்த்தமாட்டான். ஆனால் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருப்பான். அவள் தோழியிடம் என்ன சொன்னாள், பகலில் என்ன படித்தாள், எதற்காக அழுதாள் என்று சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுவான். தன் தலைக்குள் யாரோ செருப்போடு நடமாடுவதுபோல் தோன்றத் தொடங்கிய பிறகுதான் அவள் கிளம்பி வந்தாள்.

வந்த பிறகும் அது நிற்கவில்லை. தினமும் காலையில் மாமியாருக்குப் போன் செய்வான். "வக்கீலம்மா நல்லாப் பேசினாங்களா அத்தை?" என்பான். வக்கீலைப் பார்த்த விஷயம் அந்த வீட்டின் மூன்று பெண்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அம்மா சின்னவளைச் சந்தேகப்பட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். சின்னவள் அம்மாவைச் சந்தேகப்பட்டாள். மாப்பிள்ளை போன் என்றால் அம்மா இன்னும் எழுந்து நின்று பேசுகிறவள். பெரியவள் தன் மூளையையே சந்தேகப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கண் டாக்டரிடம் போயிருந்தாள். அக்காவும் தங்கையும் சாப்பாட்டு மேஜையில் பழைய லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, வரன் பார்ப்பதுபோல் புது லேப்டாப் தேடிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை பெரியவள் வேலையில் சேர வேண்டும். சரக்குக் கப்பல்களுக்குப் பில்லும் கடிதமும் தயார்செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. நல்ல நிலையில் சொந்த லேப்டாப் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இருக்கிற லேப்டாப்புக்கு வீடியோ மீட்டிங் என்றாலே மூச்சு வாங்கியது.

"இந்தக் கறுப்பை வாங்குக்கா," என்றாள் சின்னவள். அவள் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். "எங்க டீம்ல பாதிப் பேர் இதுதான் வெச்சிருக்காங்க. ஒரே நேரத்துல எத்தனை ஓட்டினாலும் அசையாது."

"நான் என்னத்த ஓட்டப் போறேன்? பில் அடிக்கணும், மெயில் அனுப்பணும். அந்த வெள்ளிக் கலர் அழகா இருக்குல்ல?"

"அழகைப் பார்த்து ஒண்ணைக் கட்டிக்கிட்டது போதாதா?"

பெரியவள் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை, மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. அம்மா எழுந்து நின்றாள். சின்னவள் கையை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அத்தை, லேப்டாப் வாங்கப் போறாங்களாமே. நல்ல விஷயம்தான்," என்றது அந்த இதமான குரல். "அந்த வெள்ளிக் கலர் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. பார்க்கத்தான் பளபளன்னு இருக்கும். கெட்டுப்போனா அந்த ப்ராண்டுக்கு இங்க சர்வீஸ் கிடையாது. சின்னவ சொல்ற கறுப்பும் வேண்டாம். சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கு அது சரி. பில் அடிக்கிறதுக்கு எதுக்கு?"

அம்மா, "சரிங்க மாப்பிள்ளை," என்றாள். வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்புறம், அழகைப் பார்த்துக் கட்டிக்கிட்டது போதாதான்னு கேட்டாளே. அது நல்லா இருந்துச்சு. நானும் சிரிச்சேன்."

போன் வைக்கப்பட்டது.

அம்மா சின்னவளைப் பார்க்கவில்லை. சின்னவளும் அம்மாவைப் பார்க்கவில்லை. நேற்று சாயங்காலம் அம்மா வீட்டிலேயே இல்லை. சின்னவள் கேலியாகக் கேட்டதை அவளே அவனுக்குப் போய்ச் சொல்லியிருக்க முடியாது. பெரியவள் சொல்லியிருக்க வழியே இல்லை.

அப்படியென்றால் அந்த அறையில் வேறு யார் இருந்தது?

சின்னவளின் பார்வை மேஜையின் ஓரத்துக்குப் போயிற்று. பாதி மூடிய நிலையில் லேப்டாப் இருந்தது. அதன் விளிம்பில் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் உதட்டில் விரலை வைத்துவிட்டு இருவரின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"தண்ணி வீணாகுதுடி," என்றாள் அம்மா.

"ஆகட்டும். அக்கா, அந்த லேப்டாப் உனக்கு எப்படி வந்துச்சு?"

"பிறந்த நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்தார்." பெரியவள் சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. "எல்லாத்தையும் அவரே போட்டுக் கொடுத்தார். பாஸ்வேர்டுகூட அவர்தான் வெச்சார். உனக்கு எதுக்குச் சிரமம்னார்."

அவன் பிழைப்பே அதுதான். பல ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு செய்து தரும் கம்பெனி வைத்திருக்கிறான்.

"எனக்குத் தோணியிருக்கணும்," என்றாள் சின்னவள். "பொழுது விடிஞ்சா இதே வேலையா இருக்கிறவ நான். அம்மாவையே குறை சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்."

"நானும் உன்னைத்தான் நெனச்சேன்," என்றாள் அம்மா.

"போனா, லேப்டாப்பான்னு முதல்ல தெரியணும். மூணு போனையும் படுக்கையறைல தலையணைக்கு அடியில வெச்சுட்டு வரேன். லேப்டாப் முன்னாடி நான் ஒரு பொய் சொல்றேன். அக்கா, நீ கூடப் பேசினா போதும்."

நடந்து போய் அந்த மேஜை முன்னால் உட்கார்வதற்கே பெரியவளுக்கு உடம்பு மறுத்தது. உட்கார்ந்தாள்.

"பேசாம ரோஸ் கலர்ல வாங்கிடலாம்க்கா," என்றாள் சின்னவள் உரக்க.

"ஆமா." பெரியவள் திரையைப் பார்க்காமல் சொன்னாள். "ரோஸ் நல்லாத்தான் இருக்கும்."

"மூடியில பூப் போட்டது ஒண்ணு பார்த்தேன்."

"அதையே வாங்கிடலாம்."

பிறகு மூவரும் தட்டுகளைக் கழுவினார்கள். கழுவி முடிப்பதற்குள் படுக்கையறையில் அம்மாவின் போன் ஒலித்து அடங்கியது. சின்னவள் போய் எடுத்து வந்து, அதில் வந்திருந்த செய்தியைக் குளியலறையில் வைத்துக் காட்டினாள்.

'ரோஸ் வேண்டாம் அத்தை. அவ நிறத்துக்கு எடுக்காது.'

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அந்த லேப்டாப் முன்னால் அவள் என்னவெல்லாம் செய்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கணவனை நினைத்தாலே பயமாக இருந்தால் என்ன செய்வது என்று தேடியிருக்கிறாள். தோழிக்கு மனசு விட்டு எழுதியிருக்கிறாள். அடுத்த வாரமே அந்தத் தோழி பேச்சை நிறுத்திக்கொண்டாள். அதைப் படித்துவிட்டு அவன்தான் அவளிடம் என்னவோ சொல்லியிருக்கிறான் என்று இப்போது புரிந்தது. படுக்கையறையில் அதைத் திறந்துவைத்து அதன் முன்னாலேயே உடை மாற்றியிருக்கிறாள். தூங்கியிருக்கிறாள்.

"எனக்குப் பைத்தியம்னு நெனச்சேன்," என்றாள்.

அம்மா அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "உனக்கு ஒண்ணுமில்ல பாப்பா. அந்தச் சனியனைத் தூக்கி மாடியிலிருந்து போட்டுடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்மா," என்றாள் சின்னவள். "அதுதான் நமக்குச் சாட்சியே. அணைக்கவும் கூடாது. அணைச்சா நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். சாயங்காலம் வக்கீலம்மாகிட்ட எடுத்துட்டுப் போற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும். நாங்க போய் வேற வாங்கிட்டு வரோம். நீ டிவியைச் சத்தமா வெச்சுட்டு உட்காரு."

"நான் தனியாவா?"

சின்னவள் குழாயை மூடினாள். கையில் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, போன்களை வீட்டிலேயே விட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது பெரியவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் பின்னாலேயே வருவதுபோல் இருந்தது. அவர் ஒரு பிரிண்டர் கடைக்குள் நுழைந்த பிறகுதான் அவளால் சரியாக மூச்சுவிட முடிந்தது.

கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார். "வாங்க மேடம். ஆபீஸ் வேலைக்கா, கோடிங்குக்கா?"

"ஆபீஸ் வேலைக்குத்தான். ஆனா பதினாறு ஜிபி ரேம் வேணும்," என்றாள் சின்னவள்.

"ஆபீஸ் வேலைக்கு எட்டே போதுமே."

"இன்னிக்குப் போதும். ரெண்டு வருஷம் கழிச்சு?"

விற்பனையாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு ப்ராண்டுக்கும் ஒரு ஜாதகம் சொன்னார். இது எடை குறைவு, ஆனால் ரேம் பின்னால் கூட்ட முடியாது. அது திரை பிரமாதம், கீபோர்டு சுமார். இன்னொன்று வேகமானது, ஆனால் மடியில் வைத்தால் தோசைக்கல். சின்னவள் குறுக்குக் கேள்வி கேட்டாள். இருவரும் சந்தையில் மாடு பிடிப்பவர்கள்போல் பேசிக்கொண்டே போக, பெரியவள் பின்தங்கினாள்.

காட்சிக்கு வைத்திருந்த வரிசையின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். கேமராவின் தெளிவைக் காட்டுவதற்காக எல்லா லேப்டாப்பிலும் கேமராவை ஓடவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு திரையிலும் அவள் முகம் தெரிந்தது. ஒன்றில் வெளிறி, இன்னொன்றில் மஞ்சளாக, மற்றொன்றில் மிகப் பெரிதாக. அவள் ஒரு அடி பின்வாங்கினால் அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். அந்த முகங்களில் இருந்த பயத்தைப் பார்த்துத்தான் அவள் இன்னும் அதிகமாகப் பயந்தாள்.

"அக்கா, முடிவு பண்ணியாச்சு," என்று சின்னவள் வந்தாள். "அந்தக் கறுப்பேதான். பில் போடச் சொல்லிட்டேன்."

பெரியவள் அசையாமல் நின்றாள்.

"என்னக்கா?"

"நான் என்ன சாப்பிடணும், யார்கிட்டப் பேசணும், எதை வாங்கணும்னு இத்தனை வருஷம் அவர் முடிவு பண்ணினார்." பெரியவள் திரைகளிலிருந்து தங்கை பக்கம் திரும்பினாள். "இப்ப நீ பண்றே."

சின்னவளின் முகம் மாறிவிட்டது. "நான் நல்லதுக்குத்தானே..."

"அவரும் அப்படித்தான் சொல்லுவார்."

சின்னவளுக்குக் கண் கலங்கியது. அவள் மெதுவாக ஒதுங்கி நின்று, "நீயே கேளு," என்றாள்.

பெரியவள் விற்பனையாளரிடம் போனாள். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. "இதுல கேமராவை மூட முடியுமா?"

"சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம் மேடம். நிறைய பேர் ஒட்டிக்கிறாங்க."

"ஸ்டிக்கர் வேண்டாம். மூடணும். மூடியிருக்குன்னு எனக்குக் கண்ணால தெரியணும்."

விற்பனையாளர் யோசித்தார். கடையின் பின்பக்கம் போய், யாரும் கேட்டு வராத அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். சாம்பல் நிறம். தடிமனாக, கொஞ்சம் கனமாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் இருந்தது. "ஆபீஸ்காரங்க மொத்தமா வாங்குற ப்ராண்ட் மேடம் இது. வீட்டுக்குன்னு யாரும் கேட்கமாட்டாங்க. ஸ்டைல் கிடையாது. ஆனா இங்க பாருங்க."

திரைக்கு மேலே கேமராவின் பக்கத்தில் கடுகு மாதிரி ஒரு குமிழ். அதை நகர்த்தினார். சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கதவு வந்து கேமராவை மூடிக்கொண்டது. க்ளிக் என்று ஒரு சத்தம்.

"மைக்கை அணைக்கத் தனியா ஒரு பட்டன். ரேமைப் பின்னால கூட்டிக்கலாம். சர்வீஸ் சென்டர் இதே தெருக் கோடியில."

பெரியவள் அந்தக் கதவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து மறுபடி மூடினாள். பிறகு கீபோர்டில் விரல் வைத்துத் தன் பெயரை அடித்துப் பார்த்தாள். விசைகள் ஆழமாக இறங்கி எழுந்தன. பில் அடிக்கிறவளுக்கு அந்த விஷயம் முக்கியம்.

"இதுதான்," என்றாள்.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். செங்கல் மாதிரி இருக்கிறதே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "நல்ல கீபோர்டு," என்றாள்.

"ரொம்ப சரி மேடம்," என்றார் விற்பனையாளர். "கொஞ்சம் உட்காருங்க. நாங்களே பிரிச்சு எல்லாத்தையும் போட்டு, பாஸ்வேர்டும் வெச்சுக் கொடுத்துடறோம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

பாவம், அந்த மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பெரியவளுக்குத் தன் கணவனின் குரல்தான் கேட்டது.

"வேண்டாங்க. ஒட்டின பெட்டியை ஒட்டினபடியே கொடுங்க. நானே பிரிச்சுக்கிறேன்."

வீடு இருந்த கட்டிடத்தின் மாடிப்படியில் ஏறும்போது இருவரும் ஓரளவு தெம்பாகத்தான் இருந்தார்கள். சின்னவள் வக்கீலம்மாவிடம் என்ன சொல்வது என்று அடுக்கிக்கொண்டே முன்னால் போனாள். கடைசித் திருப்பத்தில் சட்டென்று நின்றாள்.

வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஷூ. பளபளவென்று துடைத்து, அளந்து வைத்ததுபோல் நேராக வைக்கப்பட்டிருந்தது.

பெரியவளுக்கு அந்த ஷூவைத் தெரியும்.

"நீ இங்கயே இரு. நான் மட்டும் போறேன்," என்று சின்னவள் கிசுகிசுத்தாள்.

"அம்மா உள்ள இருக்காங்கடி."

படிக்கட்டுத் திருப்பத்தில் மின்சார மீட்டர்கள் வைத்த மர அலமாரி இருந்தது. புதுப் பெட்டியை அதற்குள் திணித்துக் கதவைச் சாத்தினார்கள். பிறகு வெறும் கையோடு உள்ளே போனார்கள்.

அவன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். எதிரே அம்மா நாற்காலியின் நுனியில். டிவி அணைந்திருந்தது. மேஜையில் பழைய லேப்டாப் இல்லை. அதன் இடத்தில் ரிப்பன் கட்டிய ஒரு புதுப் பெட்டி இருந்தது.

பழைய லேப்டாப்பை அவன் எடுத்துக்கொண்டான், சாட்சி போயிற்று என்றுதான் சின்னவளுக்குத் தோன்றியது.

"வா," என்றான் மனைவியிடம், தன் வீட்டுக்கு வந்தவளை வரவேற்பதுபோல. "வெயில்ல அலைஞ்சியா? முகமெல்லாம் வாடியிருக்கு. உனக்குத்தான் இது. நல்ல ப்ராண்ட். எல்லாமே போட்டுக் கொண்டுவந்திருக்கேன். திறந்தா வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான்."

பெரியவள் ரிப்பன் பெட்டியிலிருந்து தள்ளி நின்றாள்.

"பழசு எங்க? அதை எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணித் தரலாம்னு பார்த்தேன். ரிப்பேருக்குப் போயிருக்குன்னு அத்தை சொல்றாங்க." அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "எந்தக் கடைன்னு அவங்களுக்குத் தெரியலையாம். நீ சொல்லு. எந்தக் கடை?"

பெரியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை என்றால் எழுந்து நிற்கிற அம்மா. அவள் கை மடியில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. கண் மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லியிருக்கிறாள். அவன் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறாள்.

"தெரு பேரு ஞாபகமில்ல," என்றாள் பெரியவள்.

"பரவாயில்ல. புதுசு வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு."

அவன் கண்கள் அவர்களுடைய வெறும் கைகளுக்குப் போயின. "ரோஸ் கலரா?"

"இல்ல."

சிரிப்பு அவன் உதட்டில் அப்படியே இருந்தது. ஆனால் புருவம் லேசாகச் சுருங்கியது. "அப்ப எந்த ப்ராண்ட்?"

அந்தக் கேள்வி பெரியவளின் காதில் விழுந்து, உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் உள்ளே வந்ததிலிருந்து அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். திருமணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளை எதுவும் கேட்டதில்லை. சொல்லித்தான் காட்டுவான். இப்போது கேட்கிறான் என்றால் அவனுக்குத் தெரியவில்லை. அவள் கடையில் எதைத் தொட்டாள், எதை வேண்டாம் என்றாள், எதை எடுத்தாள் என்று எதுவுமே அவனுக்குத் தெரியவில்லை.

பயம் போய்விடவில்லை. அந்தப் பயத்தோடே சொன்னாள்.

"எனக்குப் பிடிச்ச ப்ராண்ட்."

அவன் அவளையே வெகுநேரம் பார்த்தான். சின்னவள் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து தோள் உரச நின்றாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள், ஆனால் இந்தத் தடவை மரியாதைக்காக இல்லை. வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, "வெயில் இன்னும் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க மாப்பிள்ளை," என்றாள்.

அவன் அவசரப்படாமல் ஷூவை மாட்டிக்கொண்டு, முடிச்சைச் சரிபார்த்தான். "பெட்டி இருக்கட்டும். திங்கட்கிழமை பார்க்கலாம்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினான்.

அவர்கள் கதவுக்குப் பின்னால் நின்று அவன் காலடிச் சத்தத்தைக் கேட்டார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் அது நின்றது. மீட்டர் அலமாரி இருந்த இடம். சின்னவள் அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். கீழே தீப்பெட்டி உரசும் சத்தம். சிகரெட் வாசனை மேலே ஏறி வந்தது. பிறகு காலடி மறுபடியும் இறங்கத் தொடங்கியது.

கடைசியாகத் தெருக்கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டபோது அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"லேப்டாப் எங்கம்மா?" என்றாள் சின்னவள்.

"வாஷிங் மெஷின்ல."

"என்னது?"

"ஜன்னல் வழியா அவர் கார் வந்து நிக்கிறதைப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தூக்கி மெஷின்ல போட்டு, மேல போர்வையை அமுக்கிட்டேன்."

"தண்ணி விட்டியா?"

"நான் என்ன மக்காடி?"

சின்னவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே," என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "சரி விடு," என்றாள் அம்மா. "நானும்தானே."

பெரியவள் போய் மீட்டர் அலமாரியிலிருந்து தன் பெட்டியை எடுத்து வந்தாள். கணவன் வைத்துவிட்டுப் போன ரிப்பன் பெட்டியை யாரும் தொடவில்லை. சின்னவள் அதைத் துடைப்பத்தால் தள்ளி பால்கனிக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

படுக்கையறையில் உட்கார்ந்து பெரியவள் தன் கையாலேயே பெட்டியைப் பிரித்தாள். முதல் வேலையாகக் கேமராவின் கதவை மூடினாள். திரை ஒளிர்ந்தது. பெயர் கேட்டது. கொடுத்தாள். பாஸ்வேர்ட் கேட்டது.

விரல்கள் நின்றன. சின்னவள் அதைக் கவனித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவுக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை. இருந்தாலும் அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

பெரியவள் அடித்தாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று.

அப்போது அவள் போன் அடித்தது. புது ஆபீஸின் மேனேஜரம்மா.

"சனிக்கிழமை தொந்தரவு பண்றேன், தப்பா நினைக்காதீங்க," என்றார் அவர். "லேப்டாப் வாங்கிட்டீங்கன்னா, திங்கட்கிழமை வரும்போது கையோட எடுத்துட்டு வாங்க. நம்ம மெயிண்டனன்ஸ் ஆளுங்க பார்த்து, தேவையானதைப் போட்டுக் கொடுப்பாங்க."

பெரியவள் லேப்டாப்பை மூடினாள். "யாரு மேடம் மெயிண்டனன்ஸ்?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரர் கம்பெனிதான். இந்த வாரம் அவரே நேர்ல வந்து பேசினார். நீங்க இங்க சேர்றீங்கன்னு, முதல் மாசம் சும்மாவே பார்த்துத் தர்றேன்னார். நேத்து முழுக்க உட்கார்ந்து எங்க எல்லார் லேப்டாப்பையும் பார்த்துக் கொடுத்துட்டுப் போனார். தங்கமான மனுஷர்."

அம்மாவும் சின்னவளும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவளின் முகத்தில் ரத்தமே இல்லை. போனை வைத்துவிடலாம், அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மாள் கபடமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"மேடம்," என்றாள் பெரியவள், அவர் பேச்சை இடைமறித்து. "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். ஏம்மா?"

"உங்க லேப்டாப் எங்க இருக்கு?"

"எதிர்லதான் இருக்கு. கணக்கு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"ஒண்ணும் கேட்காதீங்க. அது பக்கத்துல எதுவும் பேசாதீங்க." அவள் குரல் தணிந்திருந்தது, ஆனால் உடையவில்லை. "அதை அப்படியே விட்டுட்டு எழுந்து வாசலுக்கு வாங்க. தெருவுக்கு வந்த பிறகு சொல்றேன்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்டது.